பத்து வகைகளும் ஒரு சராசரியும்

மியூனிக்கில் எமில் கிரெப்பலின் வகுத்த பிறழ்ந்த ஆளுமைகளின் பட்டியலைச் சென்ற வாரம் கண்டாயிற்று. கோளாறு உண்டா இல்லையா என்று கேட்பது வகைமுறை என்பதையும், எந்த அளவுக்கு உண்டு என்று கேட்பது பரிமாணமுறை என்பதையும் தொடரைப் படித்துவருவோர் அறிவர். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு இவ்வாரம் வருவதாக இருந்தது. ஆயினும் கூர்ட் ஷ்னைடரிடம் நின்று பாராமல் அதற்குள் நுழைவது முறையாகாது.

கொலோனில் பணியாற்றிய உளமருத்துவர் ஷ்னைடர், 1923இல் வெளியிட்ட நூலில் பிறழ்ந்த ஆளுமைகளைப் பத்து வகைகளாகப் பிரித்தார். ஓயாத உற்சாகம் கொண்டோர், சோர்வு மனத்தினர், தன்னுறுதி இல்லாதோர், கொள்கை வெறியர், பிறர் கவனத்துக்கு ஏங்குவோர், மனநிலை நிலையாதோர், வெடித்துச் சினப்போர், ஈவிரக்கமற்றோர், மனத்திடம் இல்லாதோர், தளர்ச்சியுற்றோர் எனச் செல்லும் அப்பட்டியலின் சாயலைப் பிற்காலக் கையேடுகள் பலவற்றில் காணலாம் என்பதால், வகைமுறையின் முன்னோடியாக அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அது பாதி உண்மையே.

ஏனெனில் ஷ்னைடர் இயல்பை நன்மை தீமையால் அளக்கவில்லை, சராசரியால் அளந்தார். மனிதர்களின் குணங்கள் ஒரு சராசரி வீச்சைச் சுற்றிப் பரவியிருக்க, அதைவிட்டு வெகுவாக விலகியோர் அனைவரும் இயல்பு பிறழ்ந்தோரே என்றும், அவ்வகையில் அருளாளரும் பெருங்கவிஞரும் கல்நெஞ்சக் குற்றவாளியும் ஒரே கணக்கில் சேர்வர் என்றும் அவர் எழுதியது, உளமருத்துவ வரலாற்றின் மிகத் துணிவான கூற்றுகளுள் ஒன்றாகும். இப்பெருங்கூட்டத்திலிருந்து, தம் பிறழ்வால் தாமே துன்புறுவோரையும், தம் பிறழ்வால் சமுதாயத்தைத் துன்புறச் செய்வோரையும் மட்டும் மருத்துவர் பிரித்தெடுக்கிறார். அப்பிரிவும் நடைமுறைத் தேவைக்காகச் செய்யப்படுவதே என்பதை ஷ்னைடர் மறைக்கவில்லை. ஆக, எல்லைக்கோட்டை வரைவது மருத்துவரே அன்றி இயற்கை அன்று; பரிமாணமுறையினர் இன்று வாதிடுவதும் ஏறத்தாழ இதுவே. சமுதாயத்தைத் துன்புறச் செய்வோர் என்னும் அவ்வரையறையின் இரண்டாம் பாதிதான் கவலை தருவது: யாரால் துன்பம் என்று தீர்ப்பளிக்கும் உரிமையைச் சமுதாயத்திடம் அது ஒப்படைத்துவிடுகிறது, 1933க்குப் பின் ஜெர்மனியில் அவ்வுரிமை யார் கைக்குப் போயிற்று என்பது உலகறிந்தது.

எனினும் ஷ்னைடர் முழுமையான பரிமாணமுறையினர் அல்லர். டூபிங்கனில் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் 1921இலேயே, உள்ளொடுங்கிய இயல்பிலிருந்து மனச்சிதைவு வரை ஒரே தொடர்கோடு ஓடுவதாக எழுதியிருந்தார். அதை ஷ்னைடர் ஏற்கவில்லை: ஆளுமைப் பிறழ்வு குணத்தின் வேறுபாடு; மனச்சிதைவோ நோய்; இரண்டுக்கும் இடையே படிப்படியான வழி இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

சராசரியிலிருந்து விலகும் எல்லையை வரைவது மருத்துவரே என்ற ஷ்னைடரின் எச்சரிக்கை பின்னர் மறக்கப்பட்டு, அவருடைய வகைகள் மட்டும் நிலைத்தன. இன்றைய அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது அடையாளங்களுள் ஐந்தேனும் வேண்டும். கணக்கிட்டால் 256 சேர்க்கைகள் கிடைக்கின்றன. ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்குள் ஒரே ஓர் அடையாளம் மட்டும் பொதுவாக இருக்கவும் கூடும். நான்கு அடையாளங்களோடு தவிப்பவருக்கோ அந்தப் பெயர் கிடைக்காது.

இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது எனப் படிநிலை காணும் புதிய வகைப்பாட்டையும், அதற்கு வெகு முன்னரே, 1996இல், ஆளுமைக் கட்டமைப்பை நான்கு படிகளில் மதிப்பிட்ட ஜெர்மானிய உளவியக்கக் கையேட்டையும் அடுத்த வாரம் ஒருங்கே காணலாம்.