மலைச்சாரலில் வட்டெறி கோல்ஃப்

வட்டெறிதல் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பள்ளிகளில் விளையாட்டு விழா நடைபெறும் நாட்களில், கனத்த வட்டைக் கையிலேந்தி உடலைச் சுழற்றி வீசும் மாணவர்களைக் கண்டிருக்கிறோம். கோல்ஃப் என்னும் ஆட்டமும், நம்மில் பெரும்பாலோர் ஆடி அறியாவிடினும், பெயரளவில் தெரிந்ததே. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தது போன்ற ஓர் ஆட்டத்தைக் காணவும், ஓரளவு ஆடிப் பார்க்கவும் சென்ற ஆண்டில் நமக்கு வாய்ப்புக் கிட்டியது. அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பதே நமது தொழிலாதலால், புதுப்பொருள் ஒன்றைக் கண்டவுடன் அதற்குத் தமிழ்ப் பெயர் தேடாமல் இருக்க இயலுவதில்லை. 'சக்கரக் கோல்ஃப்' என்றால் திருமாலின் கைச் சக்கரம் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு பெருமை இதற்கு வேண்டா. 'தட்டுக் கோல்ஃப்' என்றால் உண்கலம் நினைவுக்கு வருகிறது. இதுவோ, பின்னர்க் காணப் போவது போல, உண்மைக்கு மிக அணித்தானது. எனினும் 'வட்டெறி கோல்ஃப்' என்பதையே இங்குக் கையாள்வோம்.

கல்லூரியில் நம்முடன் இலக்கியம் பயின்ற நண்பர் இருவர் அமெரிக்காவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. விடுமுறையில் தில்லியிலிருந்து அங்குச் சென்றிருந்தபோது, செப்டம்பர் மாத இறுதியில் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களையும் வெர்மான்ட் மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் கழிக்க அவர்கள் அழைத்துச் சென்றனர். ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்பது அவ்விடத்தின் பெயர். 'கள்ளக்கடத்தல்காரர் கணவாய்' என்று பொருள். வேடிக்கைக்காக இட்ட பெயரன்று. 1807-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அயல்நாட்டு வாணிகத்தைத் தடை செய்தபோது, வடக்கே கனடாவை நம்பி வாழ்ந்த இவ்வட்டாரத்து மக்கள் கால்நடைகளையும் பண்டங்களையும் இக்கணவாய் வழியே இரகசியமாக ஓட்டிச் சென்றனர். பின்னர், 1920-ஆம் ஆண்டை அடுத்து மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்தில், அதே வழியாக மதுப்புட்டிகள் எதிர்த்திசையில் வந்தன. கணவாயின் ஒரு பக்கத்தில் நிற்கும் மான்ஸ்ஃபீல்ட் சிகரம் ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரமுடையது. அம்மாநிலத்தில் அதனினும் உயர்ந்த மலை இல்லை. சாலையோ பெரும் பாறைகளுக்கிடையே பாம்பு போல நெளிந்து செல்கிறது. பனிக்காலத்தில் அதை அடைத்துவிடுகிறார்கள்.

இத்தகைய மலைவிடுதிகள் பனியை நம்பி எழுந்தவை. பனிச்சறுக்கு விளையாட வருவோரால் நான்கைந்து மாதங்கள் கூட்டம் நிறைந்திருக்கும். எஞ்சிய மாதங்களில் அறைகள் வெறிச்சோடும். பரிமாறுவோருக்கும் துப்புரவு செய்வோருக்கும் வேலை இராது. அண்மைக் காலத்தில் பனிக்காலம் சுருங்கி வருவதால் இக்கவலை மேலும் மிகுந்துள்ளது. ஆகவே, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மக்களை வரவழைக்க ஏதேனும் வேண்டும். சாதாரணக் கோல்ஃப் ஆட்டத்துக்கு மலைச்சரிவைச் சமன்படுத்தி, புல் வளர்த்து, நீர் பாய்ச்சிப் பெருஞ்செலவு செய்தாக வேண்டும். வட்டெறி கோல்ஃபுக்கோ சரிவு சரிவாகவே இருக்கலாம். மரமும் பாறையும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். நிலைக்கொன்றாகப் பதினெட்டுக் கூடைகளும், நின்று எறியச் சிறு மேடைகளும் போதும்.

கூடை என்றவுடன் பழக்கூடையை எண்ணிவிடலாகாது. மார்பளவு உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம். வளையத்திலிருந்து சங்கிலிகள் மாலை போலத் தொங்கும். அவற்றின் கீழே வட்டமான ஒரு கம்பித் தட்டு. எறியப்பட்ட வட்டு சங்கிலியில் மோதி வேகமிழந்து தட்டில் விழுந்து தங்கினால், அந்நிலை முடிந்தது. எத்தனை எறிகளில் முடித்தோம் என்பதே கணக்கு; குறைந்த எண்ணிக்கை பெற்றவரே வென்றவர். வட்டு விழுந்த இடத்தில் ஒரு சிறு அடையாளத் தட்டை வைத்து, அதன் பின்னே நின்று அடுத்த எறியை எறிய வேண்டும். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்தபின் நிலைபெயராது தம் உடலை நிறுத்திக் காட்டும் வரை அடையாளத்தைத் தாண்டி அடி வைத்தல் கூடாது. காணாமற்போன வட்டை மூன்று நிமிடமே தேடலாம். அதற்குள் அகப்படாவிடில் தண்டமாக ஓர் எறியைச் சேர்த்துக்கொண்டு, முன்னர் எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இந்த மூன்று நிமிட விதியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இனி இதன் வரலாறு. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஃபிரிஸ்பி என்பவரின் பெயரால் ஒரு பணியாரக் கடை இருந்தது. அக்கடையின் வெறுந்தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் ஒருவர்மீதொருவர் எறிந்து விளையாடினர் என்றும், அதிலிருந்தே 'ஃபிரிஸ்பி' என்ற பெயர் நிலைத்தது என்றும் கூறுவர். உண்கலத்தை நினைவூட்டும் பெயர் பிழையன்று என்று நாம் சொன்னது இதனாலேயே. ஃபிரெட் மாரிசன் என்பவர் 1937-இல் ஒரு தகர மூடியை எறிந்து விளையாடத் தொடங்கிப் பின்னர்க் கேக் சுடும் தட்டுக்கு மாறினார். கலிபோர்னியக் கடற்கரையில் அதைக் கண்ட ஒருவர், ஐந்து சென்ட் விலையுள்ள தட்டுக்கு இருபத்தைந்து சென்ட் தர முன்வந்தாராம். இதில் வியாபாரம் இருக்கிறது என்று மாரிசனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. உலகப் போரில் விமானியாகப் பணியாற்றித் திரும்பியபின் பிளாஸ்டிக்கில் வட்டுச் செய்து, 1957-இல் அதன் உரிமையை வாம்-ஓ என்னும் நிறுவனத்துக்கு விற்றார்.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவரே நமது ஆட்டத்தின் தந்தை. வட்டின் மேற்புறத்தில் நெருங்கிய வரைகளை அமைத்து அதன் பறத்தலை நிலைப்படுத்தி, 1967-இல் காப்புரிமை பெற்றவர் அவர். 1975-இல் கலிபோர்னியாவிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆட்டக்களத்தை அமைத்தார். அங்கு முதலில் நட்டவை வெறும் கம்பங்களே. கம்பத்தில் வட்டுப் பட்டதா, படவில்லையா என்று எழுந்த சச்சரவு தீரவில்லை. சச்சரவுக்கு முடிவு காணத்தான் சங்கிலிக் கூடையைச் செய்து, 1977-இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். சங்கிலியின் ஓசை பொய் சொல்லாதல்லவா! தொழில்முறை வட்டெறி கோல்ஃப் சங்கத்தை 1976-இல் நிறுவியவரும் அவரே. 2002-இல் அவர் காலமானபோது, அவரது விருப்பப்படியே அவர் அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வட்டுகள் வார்த்தனர். அஸ்தியை ஆற்றில் கரைக்கும் மரபில் வந்த நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். காற்றில் கரைப்பதாக அவர் எண்ணியிருக்கக்கூடும். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான களங்கள் உள்ளன. பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில் கட்டணமின்றித் திறந்திருப்பவை.

வட்டு ஏன் நேராகப் பறப்பதில்லை என்பதே முதல் நாள் முழுதும் நம்மை வருத்திய வினா. நாம் இலக்கியம் பயின்றவர். பௌதிகம் நம் துறையன்று. எனினும் எங்களுடன் வந்த பொறியாளர் ஒருவர் பொறுமையுடன் விளக்கினார். வலக்கையால், உடலுக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும் வட்டு, மேலிருந்து நோக்குவார்க்குக் கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்துள்ளபோது காற்று அதன் முகப்பைக் கீழே அழுத்துகிறது. வேகம் தணிந்ததும் முகப்பை மேலே தூக்குகிறது. சுழலாத பொருளாயின் குப்புறவோ மல்லாந்தோ விழுந்துவிடும். சுழல்கின்ற பொருளோ, பம்பரத்தைப் போல, தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குச் செங்குத்தான பக்கம் சாயும். ஆகவே முதலில் வலப்புறமாகச் சற்று ஒதுங்கி, இறுதியில் இடப்புறம் வளைந்து இறங்குகிறது. 1983-இல் டேவ் டுனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகக் கூர்மைப்படுத்திய வட்டைக் கொண்டுவந்தபின், வீச்சின் தொலைவு பெரிதும் கூடியது. இன்று ஆட்டக்காரரின் பையில் தொலைவுக்கு ஒன்று, இடைத்தூரத்துக்கு ஒன்று, கூடையருகே எறிய ஒன்று எனப் பலவகை வட்டுகள் இருக்கும். பழக்கத்தால் தேய்ந்த வட்டு வேறு விதமாகப் பறக்கும். அது வலப்புறம் அதிகமாக ஒதுங்கும். அதற்காகவே பழைய வட்டைப் போற்றிக் காப்பவர் உண்டு.

மலை இவ்விதிகளை மேலும் சிக்கலாக்குகிறது. சரிவில் கீழ்நோக்கி எறியும் வட்டு நெடுநேரம் காற்றில் நிற்பதால், இடப்புற வளைவு தன் வேலையை முழுதும் செய்து முடித்து, அதனை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். மேல்நோக்கி எறிந்தாலோ விரைவில் சோர்ந்து விழும். ராக்கி மலைகளில் மூவாயிரம் மீட்டர் உயரத்திலுள்ள களங்களில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவு. அங்கு வட்டைத் தாங்க வேண்டிய காற்றே மெலிந்து போகிறது. இவை எல்லாவற்றினும் கொடிது உருளுதல். கூடைக்கு ஐந்தடி தூரத்தில் விழுந்த வட்டு விளிம்பில் நின்று, வண்டிச் சக்கரம் போல மலைச்சரிவில் உருண்டு, மேப்பிள் மரங்களுக்கிடையே மறைவதை வாய்திறந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

விடுதியை ஒட்டி இரண்டு களங்கள் உள்ளன. ஒன்று அடர்ந்த காட்டுக்குள் செல்வது. மற்றொன்று புல்வெளியும் தோப்பும் கலந்தது. 2018-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் உலக வாகையர் போட்டி இங்கு நடைபெற்றது. 2023-இல் ஆடவருள் அமெரிக்கரான ஐசக் ராபின்சனும், மகளிருள் எஸ்தோனியா நாட்டு கிறிஸ்டின் டாட்டாரும் வென்றனர். அவர்கள் மூன்று எறிகளில் முடித்திருக்கக்கூடிய நிலைகளில் நாங்கள் ஏழும் எட்டும் எண்ணினோம்.

சனிக்கிழமை பிற்பகல் புல்வெளிக் களத்தில் நம்மால் ஒரு பிழை நேர்ந்தது. மூடுபனி இலேசாகப் படர்ந்திருந்தது. முன்னே பாதை தெளிவாயிருக்கிறதா என்று பாராமலே எறிந்துவிட்டோம். வட்டு இடப்புறம் வளைந்து, மரங்களுக்கு அப்பாலிருந்த நடைபாதையை நோக்கிச் சென்றது. அங்கு ஒரு தாயும் ஆறு வயதுச் சிறுமியும் நடந்து வந்துகொண்டிருந்தனர். நண்பர்கள் உரக்கக் கூவினர். தாய் குழந்தையைச் சட்டென்று அணைத்துக்கொண்டாள். வட்டு அவர்களுக்கு இரண்டடி முன்னால் மண்ணைக் கீறிக்கொண்டு விழுந்தது. ஏறத்தாழ 175 கிராம் எடையுள்ள, கூரிய விளிம்புடைய கெட்டியான பிளாஸ்டிக் அது. தேர்ந்தவர் எறிந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். நாம் தேர்ந்தவராக இல்லாதது அன்று நல்லதாயிற்று. ஓடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தாய் ஒன்றும் பேசவில்லை. சிறுமிதான் வட்டை எடுத்து இரு கைகளாலும் நீட்டினாள். அதன்பின் மறைவான நிலைகளில் ஒருவர் முன்னே சென்று நின்று, கையுயர்த்தியபின்னரே எறிவது என்று விதித்துக்கொண்டோம். கோல்ஃப் விதிநூலின் மரியாதைகளெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று அதுவரை எண்ணியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக் களம். பன்னிரண்டாம் நிலையில் நண்பர் தம் பையிலிருந்து ஆரஞ்சு நிற வட்டு ஒன்றை எடுத்து, "இதை எறிந்து பார், உன் கைக்கு ஒத்துவரும்" என்று நம்மிடம் கொடுத்தார். அமெரிக்காவுக்கு வந்த முதலாண்டில், வேலையின்றி இருந்த மாதங்களில், பூங்காவில் தனியே எறிந்து பழகிய வட்டு அது. தேய்ந்து, விளிம்பெல்லாம் தழும்பேறி இருந்தது. எறிந்தோம். வாழ்நாளில் நாம் எறிந்தவற்றுள் அதுவே நேரானது. நேராகச் சென்று, ஒரு மரக்கிளையில் பட்டு, கீழே பெரணிப் புதர்களுக்குள் போயிற்று. செம்மையும் மஞ்சளுமாக இலைகள் உதிர்ந்து கிடந்த தரையில் ஆரஞ்சு நிறத்தைத் தேடுவது எத்தகைய வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிமிடம் கழிந்தது. பின்னால் மற்றொரு குழுவினர் காத்திருந்தனர். "விடு, போகட்டும்" என்றார் நண்பர். அவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. ஆட்டம் முடிந்தபின் நால்வரும் திரும்பி வந்து, இருட்டும்வரை தேடினோம்.

வட்டின் அடிப்புறத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மையால் எழுதிவைப்பது இவ்வாட்டக்காரரின் வழக்கம். கண்டெடுத்தவர் அழைத்துக் கொடுப்பதும் வழக்கம். நண்பருடைய எண் அதில் இருந்தது, பாதி அழிந்திருந்தது. தில்லி திரும்பிய பின்னும் அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருந்தோம். பனி பெய்து, கணவாய்ச் சாலை அடைபட்டு, மீண்டும் திறந்தது. மே மாதத்தில் ஒரு நாள் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பனி உருகியபின் காட்டில் நடந்த ஒரு மாணவன் வட்டைக் கண்டெடுத்து, அழிந்த இரண்டு இலக்கங்களுக்கு மாற்றி மாற்றி எண்களைப் போட்டுப் பார்த்து, பதினோராம் முறை அவரைப் பிடித்தானாம். நிறம் வெளுத்து, ஒரு பக்கம் சற்றே வளைந்திருக்கிறது என்றும், இப்பொழுது முன்னைவிட வலப்புறமாக ஒதுங்குகிறது என்றும் எழுதியிருந்தார்.