தோல் வேலைப் பயிற்சியும் கழிவுத் தோலும்

தோல் பொருள்கள் செய்யும் கைத்தொழிலைத் தங்கள் ஊரில் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டுமென்று பஞ்சாயத்துகளிலிருந்து அவ்வப்போது மனுக்கள் வருகின்றன. பயிற்சி எத்தனை நாள், உதவித் தொகை எவ்வளவு என்பன அவற்றில் தவறாமல் கேட்கப்படுகின்றன. பயிற்சி பெறுபவர் தம் கையால் எவ்வளவு தோலை வெட்டிப் பழகுவார் என்று கேட்ட மனுவை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை. பயிற்சியின் பயனோ அதில்தான் இருக்கிறது.

துணியில் தவறாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். ஊசி சென்ற வழி பெரும்பாலும் மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை மூடுவதில்லை. ஆகையால் தையற்கலை நன்கு தெரிந்த பெண்களும் முதல் நாளில் திகைத்துப் போகிறார்கள்.

எங்கள் வட்டாரத்தில் நடந்த முதல் பயிற்சியில் நாங்கள் இதை உணரவில்லை. முதல் வாரத்திலேயே நல்ல மாட்டுத்தோலைக் கொடுத்து, பெல்ட் எனப்படும் இடுப்பு வார் வெட்டச் சொன்னோம். சிக்கனம் கருதி வயிற்றுப் பக்கத்துத் தோலையும் விடாமல் வெட்டினார்கள். பார்வைக்கு எல்லா வாரும் ஒன்றுபோலவே இருந்தன. சில வாரங்களில், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வார் நீண்டு, துளைகள் இழுபட்டுப் போயிருந்தன. முதுகுத் தோலில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. வயிற்றுத் தோலில் அவை தளர்ந்திருக்கின்றன. மேய்ந்து வந்த மாட்டின் வயிறு உப்புவதையும் பட்டினி கிடந்தால் ஒட்டுவதையும் தினமும் பார்க்கிற விவசாயிக்கு இது விளங்காததன்று, எங்களுக்குத்தான் தோன்றவில்லை. வார்களை முதுகுத் தண்டின் போக்கிலேயே வெட்டவேண்டும்.

அடுத்த பயிற்சியைக் கழிவுத் தோல் மூட்டையோடு தொடங்கினோம். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டுகள் அவை. ஒரு வாரம் யாரும் எந்தப் பொருளும் செய்யவில்லை. துண்டுகளை மடித்தும் இழுத்தும் பார்த்தார்கள். ஓரங்களைச் சீவி மெலிதாக்கினார்கள். கவராயத்தால் ஓரத்துக்கு இணையாகக் கோடிட்டு, குத்தூசியால் ஒரே இடைவெளியில் துளையிட்டார்கள்.

பிறகு இரட்டை ஊசித் தையல். தைக்கவேண்டிய நீளத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நூலெடுத்து, தேன்மெழுகு தேய்த்து, இரு நுனியிலும் ஊசி கோக்கவேண்டும். ஒரே துளையில் இரு ஊசிகளும் எதிரெதிராகச் செல்லும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால், ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளரும். இதில் ஓரிடத்தில் அறுந்தாலும் இன்னொரு பக்கத்து நூல் தாங்கி நிற்கும். கைவேலைக்கு மக்கள் கூடுதல் விலை கொடுப்பதற்கு இது நியாயமான காரணம்.

மரப்பட்டைச் சத்தில் பதனிட்ட தோலை ஈரமாக்கி இரும்புத் தகட்டின்மேல் வைத்த ஒருவருக்கு, மறுநாள் கறுத்துப்போன தோல்தான் மிஞ்சியது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய முதியவர்கள் காரணத்தை உடனே சொல்லியிருப்பார்கள். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மையே உண்டாகும்.

விவசாயிகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பயிற்சிக்கு வந்த ஒரு முழுத்தோலில், விலை மிகுந்த முதுகுப் பகுதியிலேயே சூட்டுக்கோல் தழும்பு நீளமாகக் கிடந்தது. நோய்க்கென்று சூடு போடும் வழக்கம் மாட்டை வதைப்பதோடு நிற்பதில்லை. தார்க்குச்சிக் குத்தும் உண்ணிக்கடியும்கூடப் பதனிட்ட பின்னும் தெரிகின்றன.

கமலை ஓடிய காலத்தில் சாலுக்கும் அதன் தோல் வாலுக்கும் ஊர்தோறும் கைதேர்ந்த தொழிலாளர் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடச் சோதனைகள் செய்ததும், நீரில் நெடுநாள் உழைக்கும் சாலுக்காகவே. பம்புசெட்டு வந்தபின் அந்த வேலை போயிற்று. அந்தத் தொழிலாளரிடம் தண்ணீர் இறைக்கும் சாலை வாங்கிக்கொண்டு, அவர்களை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்திய அநீதியின் மிச்சம் இன்னும் போகவில்லை. சமுதாயக் கூடத்தில் பயிற்சி நடத்தலாமென்றபோது, "அங்கே தோலா?" என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். அவர் காலில் தோல் செருப்பு இருந்தது. தலைவர் அம்மையார் அதைச் சுட்டிக்காட்டாமல், கூடம் அனைவருக்கும் பொது என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னார். பயிற்சி அங்கேயே, எல்லா வகுப்பாரையும் சேர்த்து நடந்தது.

மனு அனுப்பும் பஞ்சாயத்துகள் கழிவுத் தோலுக்கென்று தனியே தொகை கேட்கவேண்டும். ஈரத் தோலை வைத்து வேலை செய்ய வழுவழுப்பான கல் பலகையும், நல்ல வெளிச்சமும் தேவை. கருவிகளைப் பயிற்சியின் முடிவில் அன்றி முதல் நாளிலேயே வழங்கச் சொல்லுங்கள். கத்தியைத் தீட்டப் பழகுவதற்கே பல நாட்கள் பிடிக்கின்றன.