ஆறு ரோஜாவும் செத்துச்சு, அரளி பொழச்சுது: கடலோர வீட்டுக்கு ஒரு தோட்டம்

இன்னைக்கு கோடிங் இல்லை, செடி.

நான் இருக்கறது பிள்ளைச்சாவடி. புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டு போற வழியில இருக்கற கடலோர ஊர். ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல்ல, ஆசையா ஆறு ரோஜாச் செடி வாங்கி வெச்சேன். தினமும் ரெண்டு வேளை போர் தண்ணி. ஜூன்ல இலை ஓரமெல்லாம் தீஞ்சு போச்சு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்தினேன். ஆறும் காலி.

பக்கத்து வீட்டு அக்கா, "தண்ணியை நாக்குல வெச்சுப் பாரு தம்பி"ன்னாங்க. லேசா உப்பு!

கடலோரத்துல நிலத்தடி நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல மிதக்குது. உப்புத் தண்ணி கொஞ்சம் கனம், அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு: மேல நல்ல தண்ணி மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்னா, கீழே உப்புத் தண்ணி சுமார் 40 அடி மேல ஏறும். என் ஒரு தோட்டத்தால இது நடக்காது. ஆனா தெருவே புல்தரைக்கு மோட்டார் போட்டா? குடிக்கற தண்ணியும் சேர்ந்து போகும்.

அதனால எனக்கு ரெண்டு கண்டிஷன். செடி குறைஞ்ச தண்ணியில வாழணும், உப்பையும் தாங்கணும்.

முதல்ல அரளி. உப்புக் காத்துக்கு அசராது. ஆனா முழுச் செடியும் விஷம். குழந்தை, நாய் இருக்கற வீட்டுல வேண்டாம். அடுத்து காகிதப்பூ, அதாவது போகன்வில்லா. 1767-ல பிரேசில்ல பிரெஞ்சு தாவரவியலாளர் கொமெர்சோன் பார்த்து, தன் கப்பல் பயணத் தலைவர் பூகன்வில் பேரை வெச்ச செடி. தண்ணியைக் குறைச்சாதான் பூக்கும். அதிகமா ஊத்தினா வெறும் இலைதான். நித்தியகல்யாணியும் அப்படித்தான், வேர்ல தண்ணி தேங்கினா அழுகிடும். வெறும் மணல் தரைக்கு அடும்புக்கொடி. ஆனா கடற்கரையில இருக்கற கொடியை வேரோட பிடுங்காதீங்க. நம்ம ஊர்ல கடல் ஏற்கெனவே கரையைத் தின்னுட்டு இருக்கு, மிச்ச மணலைப் பிடிச்சு வெச்சிருக்கறது அதுதான். ஒரு கணுத் துண்டு போதும், வேர் விட்டுடும்.

எப்போ நடறது? நான் பண்ணின முதல் தப்பே ஏப்ரல்தான். நமக்கு பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். மழை ஆரம்பத்துல நட்டா, கோடைக்குள்ள வேர் ஆழமா போயிடும். "வறட்சி தாங்கும்"னு சொல்ற செடிக்கும் முதல் வருஷம் தண்ணி வேணும்.

எப்படி ஊத்தறது? தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா வேர் மேலேயே நிக்கும். தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மண்ணுல சேரும். என் ரோஜாவுக்கு நடந்தது அதுதான். விரலை 2 அங்குலம் மண்ணுல விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும், தொட்டி அடி ஓட்டை வழியா வடியற அளவுக்கு ஊத்துங்க. மேல காஞ்ச இலை இல்ல தேங்காய் நார் பரப்புங்க, தண்டை மட்டும் ஒட்டாம. ஏசி தண்ணியை வீணாக்காதீங்க, அதுல உப்பே கிடையாது.

இப்போ என் வாசல்ல அரளி, காகிதப்பூ ரெண்டும் பூத்திருக்கு. கோடையிலேயே வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணி. நீங்க நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடி, முதல்ல உங்க வீட்டுத் தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!