ஜிகினா இல்லாத ஈஸ்டர்

ஈஸ்டரை ஒட்டிச் சின்னப் பிள்ளைகளுக்கான கைவேலை பற்றி எழுதச் சொன்னார்கள். உடனே நினைவுக்கு வந்தது முயல் முகமூடிதான். வெள்ளை சார்ட்டில் இரண்டு காது, மூக்குக்கு ஒரு ரோஸ் ஸ்டிக்கர். கடலோர ஊரான ஜெகதாப்பட்டினத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு முயலோடு என்ன உறவு? நண்டைக் காட்டினால் ஆண், பெண் பிரித்துச் சொல்லும். நிலாவைக் காட்டினால் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று வீட்டில் பேசியதைச் சொல்லும். அதனால் நிலாவிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு தினசரிக் காலண்டரை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். மார்ச் 21-ஐத் தேடி எடுக்கட்டும். அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமியைக் கண்டுபிடிக்கட்டும். அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்த ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஈஸ்டர் ஏப்ரல் 15-க்குப் பின்னால் விழுந்தால் படகுக்குப் போகிற அப்பா வீட்டில் இருப்பார். முன்னால் விழுந்தால்? திங்கள், புதன், சனி என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகிற ஊர் இது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டில் பிள்ளை கையில் மெழுகுதிரி எரியும்போது அப்பா இருட்டில் மடி இழுத்துக்கொண்டிருப்பார்.

கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுங்கள்: 'வீடு', 'கடல்'. 2025, ஏப்ரல் 20: வீடு. 2026, ஏப்ரல் 5: கடல். 2028, ஏப்ரல் 16: ஒரே ஒரு நாள் தள்ளி வந்ததால் வீடு. 2029, ஏப்ரல் 1: கடல். 2030, ஏப்ரல் 21: மறுபடியும் வீடு. சிறியது பெரியது, முன் பின், மாதம் தேதி எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது. கோயிலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கும் அப்பா வருகிற நாள் கணக்குதானே! அரசுப் பள்ளியில் எதற்கு ஈஸ்டர் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டத்தைக் காட்டலாம். பொங்கல் பானையும் பெருநாள் பிறையும் வரைகிற அதே நோட்டில் இதுவும் இருக்கட்டும்.

அடுத்தது ஓலை. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. பச்சை ஏறாத, வெளிர்மஞ்சள் குருத்து. ஈர்க்கை உரித்துவிட்டால் நாடா போல வளைகிறது. ஒரு குருத்தைப் பிரித்தால் வகுப்புக்கே கீற்று கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிலுவை எளிது: ஒரு கீற்றின் நடுவில் நகத்தால் கீறல் போட்டு இன்னொன்றை உள்ளே நுழைத்து இழுத்தால் ஆயிற்று. இழுக்கும்போது பிள்ளையின் நாக்கு வெளியே வந்து ஒரு பக்கமாக மடியும், பார்த்திருக்கிறீர்களா? விரல் புத்தி கற்றுக்கொள்கிற நேரம் அது. ஏழு, எட்டு வயதுக்கு ஓலைப்பந்து. பந்து என்று பெயர்தானே தவிர அது கனசதுரம். ஆறு முகம், எட்டு மூலை. எண்ணச் சொன்னால் பாதிப் பேர் எட்டை ஏழு என்பார்கள். உள்ளே நாலு கூழாங்கல் போட்டால் கிலுகிலுப்பை. மீதிக் கீற்றில் காற்றாடி, நடுவில் முள் குத்தி. கடற்கரை ஊரில் அதைச் சுற்றவைக்க ஓட வேண்டியதில்லை, நின்றாலே போதும்.

சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பார்கள். வலை பழுது பார்க்கிற கை இருக்கிற ஊரில் முடிச்சுக்கு ஆசிரியர் தேடுவானேன்? தாத்தா ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

முட்டை இல்லாமல் ஈஸ்டரா? அதுவும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. சத்துணவில் வாரம் 5 முட்டை. முட்டை வயிற்றுக்கு, உரித்த ஓடு நமக்கு. கழுவிக் காயவைத்து மஞ்சள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெங்காயச் சருகை வேகவைத்த தண்ணீரில் போட்டால் செம்பழுப்பு நிறம். வேடிக்கை மஞ்சளில்தான். காய்ந்த மஞ்சள் ஓட்டில் ஆசிரியர் ஈர்க்குக் குச்சியால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு இழுத்தால் அந்தக் கோடு சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே சங்கதி. கிரேக்க நாட்டில் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புதான் நிறம். நம் வீட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. நொறுக்கிய ஓட்டைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பசை தடவி ஒட்டினால் படம். சுண்ணாம்பு மட்டும் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டாம்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் என் அக்கா மகள். போன வருஷம் பள்ளியிலிருந்து ஒரு தெர்மாகோல் முட்டையைக் கொண்டுவந்தாள், உடம்பு முழுக்க ஜிகினா. மூன்று நாள் தலையணையில், சாப்பாட்டுத் தட்டில், பூனையின் மீசையில் மினுங்கிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் முட்டை குப்பையில். வாசலைக் கழுவிவிட்ட தண்ணீரோடு ஜிகினா எங்கே போயிருக்கும்?

ஜிகினா என்பது என்ன? மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசிப் பொடியாக நறுக்கியது. மட்காது, பொறுக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை போட்டது. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் கூடாது என்று நம் நாட்டிலேயே 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. கைவேலை நோட்டுக்கு மட்டும் விலக்கு என்று யாரும் சொல்லவில்லை.

கடலோர ஊரில் சாக்கடைக்கும் கடலுக்கும் எத்தனை தூரம்? பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா எனும் கடற்பசுவுக்கான காப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். கடற்புல் மேய்ந்து வாழ்கிற பிராணி அது. அந்தப் புல்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளை கையில் ஜிகினா டப்பாவைக் கொடுத்து, மறுநாள் பாடத்தில் 'கடலைக் காப்போம்' என்று எழுதச் சொல்கிறோம். மினுக்கல் என்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை, கடையில் வாங்கினால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று ஆசிரியைகள் சொல்வது நியாயம்தான். நாற்பது பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

ஓலைச் சிலுவை எங்கே போகிறது பாருங்கள். நிலைக்கு மேலே ஒரு வருஷம் செருகி இருக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோயிலில் திரும்ப வாங்கிக்கொண்டு எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றியில். பிள்ளை செய்த கைவேலை பிள்ளையின் நெற்றிக்கே வந்து சேர்கிறது, குப்பைத்தொட்டி பக்கமே போகாமல். எந்தக் கைவேலைப் புத்தகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது!

2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. கட்டத்தில் 'கடல்' பக்கம். குருத்தோலை ஞாயிறு மார்ச் 21. முந்தின வெள்ளிக்கிழமையே வடலியிலிருந்து ஒரு குருத்து வெட்டித் தர ஆள் சொல்லி வையுங்கள். ஜிகினா டப்பா வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.