பாட்டும் பாடும்

'பாடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. இசையோடு பாடுக என்று ஏவுவதும் அச்சொல்லே. உழைப்பையும் வருத்தத்தையும் குறிப்பதும் அச்சொல்லே. பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் குப்பங்களில் அதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. ஏரியிலே வலையிடுவதற்குரிய இடத்தையும், அதனைப் பகிர்ந்துகொள்ளும் முறையையும் அவர்கள் பாடு என்று வழங்குகிறார்கள். உரிமையுள்ள தலைக்கட்டுக்காரர்கள் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்னாருக்கு என்று வகுத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் என்றும் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை மாறி வருகிறது.

இந்த ஏற்பாட்டில் ஊர் கொடுப்பது இடமும் முறையும் மட்டுமே. வலையைப் பழுது பார்த்து வைப்பதும், நீரோட்டம் அறிந்து வேளையில் இறங்குவதும், பிடித்த இறாலுக்கு விலை பேசுவதும் அவரவர் பொறுப்பு. சீட்டு விழுந்ததனாலேயே கூடை நிறைந்துவிடுவதில்லை. இசையைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே.

காட்டுப்பள்ளிப் பக்கத்து இளைஞர்களை மனத்தில் வைத்தே இதனைப் பேசுகிறேன். காட்டுப்பள்ளி, எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியுமாகக் கிடக்கும் மணற்பாங்கான நிலம். அங்கே இப்போது துறைமுகம் இருக்கிறது. கடலையும் கழியையும் மட்டுமே நம்பிய பிழைப்பு முன்போல் இல்லை. பிள்ளைகள் வேறு தொழில் நாடுகிறார்கள். நல்ல குரல் படைத்த பிள்ளை ஒருவன் இருந்தால், "பட்டணத்துக்குப் போ, யாராவது கைதூக்கி விடுவார்கள்" என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அந்த 'யாராவது' என்ற சொல்லிலேதான் இடர் இருக்கிறது. பயிற்சி, ஊதியம், உரிமை ஆகிய மூன்றையும் ஒருவன் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டால், அவன் குரல் அவனுடையதாக இராது.

முதலாவது பயிற்சி. வீணை எஸ். பாலசந்தரை எண்ணிப் பாருங்கள். 1927இல் பிறந்த அவர், இசையும் திரையும் பழகிய குடும்பத்துப் பிள்ளை. சிறுவனாய் இருந்தபோதே கஞ்சிரா வாசித்தவர். ஆயினும் வீணைக்கு அவருக்கு ஆசிரியர் ஒருவரும் இல்லை. தாமே கேட்டு, தாமே தேர்ந்து, தமக்கென ஒரு பாணியை அமைத்துக்கொண்டார். பாடலே இல்லாத 'அந்த நாள்' என்னும் திரைப்படத்தை 1954இல் இயக்கிப் பெயர் பெற்ற பின்னும், வீணையே தம் வாழ்வு என்று அதிலே நிலைத்தார். ஆசிரியர் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. ஆசிரியர் வழிகாட்டலாம், விடியற்காலையில் எழுந்து நமக்காக அவர் சாதகம் செய்ய இயலாது. தன் பாட்டைத் தானே பதிவு செய்து, மறுநாள் பிறன் பாட்டைக் கேட்பதுபோல் கேட்டுக் குறை காணும் வசதி இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் உண்டு. என் மாணவர்களுக்கு நான் முதலில் இடும் பணி இதுவே.

இரண்டாவது ஊதியம். 1908இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், வறுமை காரணமாக இளமையில் இரயிலில் பாடிக் காசு பெற்றவர் என்பர். நாடக மேடையில் புகழ் பெற்றார். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அந்த அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று தாமே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டார். பின்னர், 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு ஓரிலட்சம் ரூபாய் பெற்றார். அக்காலத்தில் அது கேட்டோர் வியந்த தொகை. பின்னாளில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரும் ஆனார். எதனைச் செய்வது, எதனைச் செய்யாதிருப்பது, செய்வதற்கு என்ன விலை என்னும் மூன்றையும் தாமே முடிவு செய்தார் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். திருவிழாக் கச்சேரிக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினாலும், அதனை முன்னதாகப் பேசி, எழுதி வைத்து வாங்குவது கலைக்கு இழுக்கு அன்று.

மூன்றாவது உரிமை. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் பலருக்குப் பங்கு உண்டு: சொல் எழுதியவர், இசை அமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவு செய்த நிறுவனம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் உரிமை வழங்கியது. பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ ஒரு பெரிய காப்பைச் சேர்த்தது. திரைப்பாட்டு, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, வேறு வழிகளில் பயன்படும்போது வரும் வருவாயில் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் சமபங்கு உண்டு; அந்தப் பங்கைத் தம் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடியவருக்கும் வணிகப் பயனில் பங்கு கேட்க உரிமை உண்டு. ஆனால் உரிய சங்கத்தில் உறுப்பினர் ஆகாதவரைத் தேடிப் பணம் வீட்டுக்கு வருவதில்லை. ஆதலால், பாட்டின் பெயர், பதிவான நாள், உடன் உழைத்தோர் பெயர், கையொப்பமிட்ட தாளின் படி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேட்பது உங்கள் உரிமை.

இவ்வளவும் தனி மனிதன் பொறுப்பு. எல்லாம் அவன் தலைமேலேயே என்று சொல்லிவிட்டுப் பிறர் ஒதுங்கிக்கொள்ளலாமோ? ஆகாது. பாடு முறையிலும் சீட்டில் பெயர் சேராதவனுக்கு நீரில் இடமில்லை. அவன் எத்துணை வல்லவனாயினும் கரையிலேதான் நிற்க வேண்டும். இசை உலகிலும் அவ்வாறு கரையில் நிற்போர் பலர். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்திலே, மீனவர் வாழும் தெருவிலேயே விழா எடுத்தார்கள்; கர்நாடக இசையும் பிற கலைகளும் அங்கே ஒரே மேடையில் இடம் பெற்றன. அத்தகைய மேடைகள் கடற்கரை நெடுகப் பெருக வேண்டும். சபைகளும் பள்ளிகளும் வானொலி நிலையங்களும் குப்பத்துப் பிள்ளைகளின் பெயரையும் சீட்டில் சேர்க்க வேண்டும்.

இடம் கொடுப்பது ஊரின் கடமை. அந்த இடம் வாய்க்கும் நாளில் கிழியாத வலையோடு நிற்பது இளைஞனின் கடமை. வாய்ப்பு இன்னும் வரவில்லையே என்று ஏங்கும் நண்பர்கள், அதற்குள் வலையைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம். அதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை.