குட்டி ஈன்ற முயலுக்கு எதைக் கொடுப்பது?

சுவிஸில் எமது பிள்ளைகள் பாடசாலைத் தோழர்களின் வீடுகளில் முயல்களைக் கண்டுவிட்டுத் தமக்கும் வேண்டுமென்று கேட்பது வழமை. வாங்கி வந்த சோடியில் ஒன்று ஆணாகவும் மற்றது பெண்ணாகவும் இருந்துவிட்டால், சில மாதங்களில் கூட்டினுள் குட்டிகள் இருக்கும். கன்று ஈன்ற பசுவுக்குக் கஞ்சி வைத்து, பிண்ணாக்கும் தவிடும் கரைத்துக் கொடுத்தவர்கள் நாம். எனவே தாய்முயலுக்கும் மேலதிகமாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறோம். நினைப்பு சரியானதே. ஆனால் பசுவுக்குப் பொருந்துவது முயலுக்குப் பொருந்தாது. பிழையான உணவு அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாயின் சுமை

முயல் சினைப்பட்டு 30 முதல் 32 நாட்களில் ஈனும். கண் திறவாமல், மயிரின்றிப் பிறக்கும் குட்டிகள் ஒரு வாரத்திலேயே பிறந்த நிறையின் இரு மடங்காகின்றன. முயற்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசுப்பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. மூன்றாவது வாரமளவில் பால் சுரப்பு உச்சத்தை அடைகிறது. அப்போது தாய் வழமையைவிட இரு மடங்குக்கு மேலும் உண்ணும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை 1977இல் வெளியிட்ட அளவுகளின்படி, சாதாரண முயலின் தீனில் நூற்றுக்கு 12 பங்கு புரதம் போதும். சினை முயலுக்கு 15 பங்கும், பாலூட்டும் முயலுக்கு 17 பங்கும் வேண்டும்.

சோறும் கஞ்சியும் வேண்டாம்

முயலின் குடல் நார்ப்பொருளால் இயங்குவது. சோறு, பாண், பிஸ்கட் போன்ற மாப்பொருட்கள் குடலிலுள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, வயிற்றோட்டத்தையும் சாவையும் கொண்டுவரலாம். நாள் முழுவதும் கூட்டில் இருக்கவேண்டியது, இங்கு 'ஹோய்' என்று கேட்டு வாங்கும் காய்ந்த புல்லே. 2008ஆம் ஆண்டின் சுவிஸ் மிருகப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் முயலுக்குத் தினமும் காய்ந்த புல் அல்லது வைக்கோல் போன்ற தீன் கொடுக்கவேண்டும் என்கிறது.

விற்றமின் போத்தல்கள்

கடைகளில் விற்றமின் துளிகளும் கல்சியத் தூள்களும் அழகான பெட்டிகளில் இருக்கின்றன. நல்ல தீன் உண்ணும் முயலுக்கு இவை பெரும்பாலும் தேவையில்லை. விற்றமின் சீயை முயல் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. விற்றமின் பீ வகைகள் குடல் நுண்ணுயிர்களால் உண்டாகின்றன. முயல் தனது மென்மையான எச்சத்தை மீண்டும் உண்பது அவற்றைப் பெறுவதற்காகவே. அதைத் தடுக்கக்கூடாது.

விற்றமின் ஏ குறைந்தாலும் கேடு, மிதமிஞ்சினாலும் கேடு. இரண்டிலும் கரு அழியலாம். தலையில் நீர் கோத்த குட்டிகள் பிறக்கலாம். விற்றமின் டீ அளவு மீறினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும். பாலூட்டும் தாய்க்குக் கல்சியம் கூடுதலாகத் தேவை என்பது உண்மை. ஆனால் மிஞ்சிய கல்சியம் சிறுநீருடன் வெளியேறுவதால், அளவு மீறினால் சலப்பையில் மண்டியும் கல்லும் சேரலாம். மனிதருக்கான குளிசைகளை ஒருபோதும் கொடுக்கவேண்டாம்.

எதைக் கொடுக்கலாம்?

பெலட் எனப்படும் அழுத்திய தீனை வாங்கும்போது பையின் பின்புறத்தைப் பாருங்கள். 'றோபுரொட்டேயின்' என்பது புரதம். தாய்முயலுக்கு 16, 17 அளவில் இருக்கட்டும். 'றோபாசர்' என்பது நார். அது 14இற்குக் குறையக்கூடாது. தானியக் கலவைத் தீனில் முயல் விரும்பியதை மட்டும் பொறுக்கி உண்டு மிகுதியை விட்டுவிடும். ஆகவே பெலட்டே மேல்.

சினையின் தொடக்கத்தில் தீனைக் கூட்டவேண்டாம். கொழுத்த முயல் கடைசி நாட்களில் உண்ண மறுத்தால் இரத்தத்தில் நஞ்சேறி இறக்கலாம். கடைசி வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, ஈன்றபின் வேண்டியமட்டும் உண்ண விடலாம். லூசேர்ன் எனும் தீவனத்தின் காய்ந்த இலையில் புரதமும் கல்சியமும் நிறைய உண்டு; பாலூட்டும் காலத்தில் காய்ந்த புல்லுடன் சிறிது சேர்க்கலாம். மஞ்சட் பூப் பூக்கும் 'லோவென்சான்' இலையும் நல்லது. வீதியோரத்தில் பறிக்கவேண்டாம். தண்ணீர் எந்நேரமும் இருக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் சினைப்படக்கூடும். ஒரே நேரத்தில் பாலூட்டிக்கொண்டு சினையையும் சுமக்கும் தாயின் உடல் உருகிவிடும். எந்தச் சத்து மருந்தும் அதை ஈடுசெய்யாது. ஈனுவதற்கு முன்பே ஆண் முயலை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். விதை நீக்கிய ஆண்கூட ஆறு வாரம்வரை சினைப்படுத்தலாம்.

மற்றது, தாய் குட்டிகளை விட்டு விலகி இருப்பதைக் கண்டு பிள்ளைகள் அழுவார்கள். தாய்முயல் பொதுவாக நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். குட்டிகளின் வயிறு உருண்டு இருந்தால் பால் கிடைக்கிறது என்று அறியலாம். அவசரப்பட்டுப் பசுப்பால் பருக்கவேண்டாம். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தாலோ, தாய் அரை நாள் உண்ணாதிருந்தாலோ அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

மேலதிகமாகக் கொடுக்கவேண்டும் என்ற மனம் நல்லதே. புல்லாலும் தண்ணீராலும் அமைதியாலும் அதைக் கொடுப்போம்.