முளைகட்டிய கேப்பையும் கஞ்சியின் பக்குவமும்

கேழ்வரகை நம் கம்பம் பள்ளத்தாக்கில் கேப்பை என்கிறோம். அதை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவதுண்டு. ஒரே மாவு ஒரு வீட்டில் களிபோல் இறுகுகிறது. அடுத்த வீட்டில் இளகி இனிக்கிறது. கைப்பக்குவம் என்பர். அப்பக்குவத்தின் உள்ளே இருப்பது வேதியியலே.

தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் பெருகுகின்றன. 1833ஆம் ஆண்டு பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் முளைத்த பார்லியிலிருந்து இத்தகைய பொருளைப் பிரித்து, ‘டயஸ்டேஸ்’ எனப் பெயரிட்டனர். இன்று இவற்றை அமைலேஸ் என்கிறோம். 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை இவை விரைந்து வேலை செய்யும், கொதிநிலையில் அழிந்துவிடும்.

மேல்நாடுகளில் பீர் வடிப்போரின் முதல் வேலையும் இந்நொதிகளைப் பயன்படுத்துவதே. ஆங்கிலேயர் மால்ட் மாவைச் சுமார் 65 பாகையில் வெந்நீரில் ஊறவைப்பர். ஜெர்மானியர் கலவையில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவைத்து, மீண்டும் ஊற்றிப் படிப்படியாகச் சூடேற்றுவர். நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது வடிப்பது குற்றம். ஆயினும் அவ்வறிவு நம் கஞ்சிப் பானைக்கு உதவும்.

கஞ்சி காய்ச்ச மூன்று வழிகள் உண்டு.

1. கொதிக்கும் நீரில் முளைமாவைக் கொட்டுவது. நொதி உடனே அழிவதால் கஞ்சி இறுகிவிடும்.

2. மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, இளந்தீயில் கிண்டி மெல்லச் சூடேற்றுவது. மாவு வேகத் தொடங்கும்போதே நொதியும் வேலை செய்வதால் கஞ்சி இளகும், இனிக்கும்.

3. சாதாரணக் கேப்பை மாவில் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதிப்பு நன்கு அடங்கியபின், சூடு ஆறுவதற்குள் ஒரு கரண்டி முளைமாவைக் கலப்பது. பத்து நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம். ஆதலால் மீண்டும் ஒரு கொதி விட்டே கொடுக்கவேண்டும்.

முளைமாவு நிறைய இருந்தால் இரண்டாம் வழி. கொஞ்சமே இருந்தால் மூன்றாம் வழி. எதுவாயினும் முளைத்த தானியத்தைச் சிவக்க வறுக்கலாகாது. மணம் கூடும், நொதி போய்விடும்.

இதனால் என்ன பயன் எனக் கேட்கலாம். ஆறு மாதம் கடந்து கஞ்சி குடிக்கத் தொடங்கும் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. கெட்டிக் கஞ்சியை அது விழுங்காது. தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் வயிறு நிறையும், சத்துச் சேராது. முளைமாவு சேர்த்தால், மாவைக் குறைக்காமலே கஞ்சியை இளக்கலாம். விடியுமுன் ஜீப்பேறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார் பலர் நம் பகுதியில் உண்டு. அவர்கள் வீட்டில் பாட்டி புகட்டும் ஒரு தம்ளர் கஞ்சியில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது சிறிய கேள்வியன்று.

வேதியியல் மாணவர்கள் இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். மூன்று வழியிலும் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்து, நீர்த்து, அயோடின் துளி விடுங்கள். மாவுச்சத்து உடையாத கஞ்சி கருநீலமாகும். நன்கு உடைந்ததில் அந்நீலம் மங்கும். கண்டறிந்ததை ஊர் சென்று அடுப்படியில் சொல்லுங்கள். கற்ற கல்வி பயன்தரும் இடம் அதுவே.